அப்பாவுக்குப் போட்ட வார்த்தைகள்

ஜூன் 24, செவ்வாய்.

நேற்று எழுதியதில் ஒரு தவறு இருக்கிறது. பத்து வார்த்தை படித்தேன் என்று எழுதியிருந்தேன். ஒன்பதுதான் படித்தேன். பத்தாவதற்கு வரும்போது கரண்ட் போய்விட்டது. வார்த்தை நோட்டைத் தகரப் பெட்டிக்குள் வைக்காமல் டி.வி. மேலேயே போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன்.

ஒரு வார்த்தை குறைந்தது சின்னத் தவறு. நோட்டை வெளியே விட்டதும் சின்னத் தவறு என்றுதான் இன்று காலை ஆறரை மணி வரை நினைத்திருந்தேன்.

எங்கே சறுக்கினேன் என்று தெரிய வேண்டுமானால் நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்க வேண்டும். ஏப்ரல் மூன்றாம் தேதி இலஞ்சி வளைவில் அப்பாவின் மொபெட் வழுக்கியது. வலது மணிக்கட்டு உடைந்து தகடு வைத்தார்கள். கட்டுப் பிரித்த பிறகும் கட்டைவிரல் மடங்கவில்லை. அப்பா குற்றாலிங்கம், குற்றாலத்தில் முப்பது வருடமாக எண்ணெய் மசாஜ் செய்கிறவர். கட்டைவிரல் மடங்காதவருக்கு அங்கே வேலை கிடையாது. சாரல் வந்து, அருவியில் தண்ணீர் விழுந்து, ஊரெல்லாம் வண்டியாக நிற்கிற ஜூன் மாதத்தில் அவர் வீட்டில் இருக்கிறார்.

அம்மா பேச்சித்தாய் பீடி சுற்றுகிறாள். நான் பகலில் மருந்துக் கடையில் பில் போடுகிறேன். மாலையில் ரத வீதியில் ஜெராக்ஸ் கடை மாடியில் நடக்கும் ஆங்கில வகுப்புக்குப் போகிறேன். போன வருடம் வங்கித் தேர்வில் மற்ற எல்லாம் தேறி, ஆங்கிலத்தில் மட்டும் ஒன்றேகால் மதிப்பெண்ணில் போனது. அதனால்தான் கடினமான வார்த்தைகளாகப் பொறுக்கி, தினம் பத்து.

எங்கள் வகுப்பில் 'ஆள் போடுவது' என்று ஒரு பழக்கம் உண்டு. ஒரு வார்த்தையின் பொருள் தெரிந்தவுடன், அதற்குப் பொருத்தமாக நமக்குத் தெரிந்த ஒரு மனிதரை நினைத்துக்கொள்ள வேண்டும். தேர்வில் வார்த்தையைப் பார்த்ததும் அந்த முகம் வரும். முகம் வந்தால் பொருள் வரும். அப்படி ஆள் கிடைத்த வார்த்தைகளை மட்டும் நோட்டில் மூன்று கட்டமாக எழுதுவோம்: வார்த்தை, பொருள், ஆள்.

இது நல்ல முறையா என்று எனக்கு இப்போது சொல்லத் தெரியவில்லை. ஆனால் ஆள் போட்ட வார்த்தை ஒன்றுகூட எனக்கு மறந்ததில்லை.

இங்கிலீஷ் நோட்டு, வீட்டில் யாருக்குப் புரியப்போகிறது என்றுதான் ஆறு மாதமும் இருந்தேன். மூன்று கட்டத்தில் இரண்டைத் தமிழில் எழுதியிருக்கிறேன் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

காலையில் எழுந்தபோது அப்பா இல்லை. அம்மா வாசலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மா அப்பா?"

"குத்தாலத்துக்காம். காப்பி குடிக்கல. சட்டப் பொத்தானக்கூட மாட்டிக்கிடாம, மேல துண்டப் போத்திக்கிட்டுப் போறாரு. என்னய முன்னமே எழுப்பணும்லா? தினமும் நாந்தான மாட்டி விடுதேன்."

"எதுக்குப் போறாராம்?"

"தண்ணி நல்லா விழுதாம், பாத்துட்டு வாரேன்னாரு. முப்பது வருசமா பாக்காத தண்ணியா?"

டி.வி. மேல் நோட்டு இருந்தது. ஆனால் நான் வைத்தபடி இல்லை. நான் எப்போதும் அட்டை மேலே தெரியும்படிதான் வைப்பேன். அது கவிழ்ந்து கிடந்தது. எடுத்துப் புரட்டினேன். பன்னிரண்டாம் பக்கத்தின் ஓரத்தில் எண்ணெய்க் கறை.

விடிந்ததும் எண்ணெயைச் சூடு காட்டி, இடது கையால் வலது மணிக்கட்டைத் தேய்த்துவிட்டுக்கொள்வது அப்பாவின் வழக்கம். எங்கள் வீட்டில் காலை ஐந்தரைக்குக் கையில் எண்ணெயோடு இருக்கிற ஆள் அவர் ஒருவர்தான்.

அந்தப் பக்கத்தில், மே 9 தேதியிட்ட நான்காவது வரி இது:

சூப்பர்ஃப்ளுவஸ். தேவைக்கு மிஞ்சியது, இல்லாவிட்டாலும் குறை தெரியாதது. அப்பா.

இதை ஏன் எழுதினேன் என்பதையும் எழுதிவிட வேண்டும். ஞாபகத்துக்காகத்தான் என்று மட்டும் எழுதினால் இன்னொரு தவறாகிவிடும். எங்கள் வீடு இரண்டு அறை. அதற்கு முன் பகலில் அப்பாவை அந்த வீட்டில் நாங்கள் பார்த்ததே இல்லை. மே மாதம் முழுவதும் அம்மா பீடித் தட்டோடு உட்காரும் இடத்தில் அவர் நின்றார். தள்ளச் சொன்னால் வாசல்படிக்குப் போவார். வாசல்படியில் நான் செருப்பு மாட்ட வேண்டும் என்றால் மறுபடி உள்ளே வருவார். ஒன்பதாம் தேதி அப்படி மூன்று முறை நடந்தது. நான் எரிச்சலோடு நோட்டைத் திறந்தேன். வார்த்தை வந்தது, முகமும் உடனே வந்தது. யோசிக்காமல் எழுதிவிட்டேன். அன்றைக்கு அது பொருத்தமாகவும் இருந்தது.

கடைக்குப் போனேன். இருமல் மருந்துக்குப் பதில் வயிற்று மருந்துக்குப் பில் போட்டேன். கடைக்காரர் அண்ணாச்சி கண்ணாடிக்கு மேலாக ஒரு முறை பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

பன்னிரண்டு மணிக்கு ஷிஃபாவுக்குப் போன் போட்டேன். கடையநல்லூரிலிருந்து வகுப்புக்கு வருகிறவள். அவளும் ஆள் போடுகிறவள்தான்.

"ஏட்டி, உங்க அப்பாவுக்கா போட்ட?" என்றாள். "என்னப் பாரு. எல்லாக் கெட்ட வார்த்தையும் எனக்கு வரப்போற மாமிக்கு. இதுவர பதினாலு. நோட்டு எங்க வீட்ல, மாமி அவங்க வீட்ல. எவ்வளவு பாதுகாப்பு!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கும் அது தெரிந்துவிட்டது.

"சங்கரி, அந்தப் பக்கத்தக் கிழிச்சுப் போட்ரு."

"வாசிச்சவருக்கு மறக்குமாட்டி?"

"அப்ப நேர்ல போ. ஆனா ஆறு மணிக்கு டெஸ்ட்டு. அத மறந்துராத."

இரண்டு மணிக்கு அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். தென்காசியில் வெயில் அடித்தது. பாதி வழியில் ஜன்னல் கம்பி நனைந்தது. குற்றாலத்தில் இறங்கும்போது துப்பட்டாவைத் தலையில் போட வேண்டியிருந்தது.

சிறுவயதில் அப்பாவுக்குச் சோறு கொண்டுவந்த பாதை. நேந்திரம் சிப்ஸ் வறுக்கிற வாடை, ரம்புட்டான் கூடைகள், ஈரத் துண்டோடு எதிரே வரும் கூட்டம். அருவிக்குப் போகும் வழியில் மசாஜ் செய்கிறவர்கள் வரிசையாகப் பலகை போட்டிருந்தார்கள். அப்பாவின் இடம் கடைசிக்கு முந்தியது.

அவர் அங்கே இருந்தார். சட்டையைக் கழற்றிவிட்டு, பலகையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரிய உடம்புக்காரரின் முதுகில் வேலை செய்துகொண்டிருந்தார். வலது கையின் விரலால் அல்ல, முழங்கையால் அழுத்தினார். இடது கை மட்டும் மேலும் கீழும் போய் வந்தது. நான் ஒரு சிப்ஸ் கடைத் தட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

அந்த ஆள் திரும்பிப் பார்த்தார். "என்ன பெரியவரே, மசாஜ் பண்றீங்களா, தடவிக் குடுக்குறீங்களா?"

பக்கத்துப் பலகையில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

அப்பா கையை எடுத்தார். "எந்திரிங்க சார். பக்கத்துல அண்ணாச்சி நல்லாச் செய்வாரு. எனக்கு ஒண்ணும் தர வேண்டாம்."

பக்கத்தில் இருந்தது வல்லிநாயகம் மாமா, அப்பாவோடு முப்பது வருடமும் அங்கே நின்றவர். அவர் அந்த ஆளைத் தன் பலகைக்குக் கூப்பிட்டுக்கொண்டார். அப்பா எண்ணெய்ப் பாட்டிலின் மூடியை இடது கையால் திருகப் பார்த்தார். இரண்டு முறை வழுக்கியது. பாட்டிலை முழங்காலுக்கு இடையில் வைத்து மூடினார். பிறகு அதை மாமாவின் பாட்டில்களுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்.

"நீ வச்சுக்கோலே. இந்தப் பலகையையும்."

"குத்தாலிங்கம், இன்னும் ரெண்டு மாசம் பாருலே. கை திரும்பும்."

"ரெண்டு மாசம் கழிச்சுச் சீசன் இருக்காதுல்லா."

நிமிர்ந்தபோது என்னைப் பார்த்துவிட்டார். முதலில் அவர் செய்தது, சட்டையை எடுத்து அவசரமாகப் போட்டுக்கொண்டது. பொத்தான் துளையில் இடது கையைக் கொண்டுபோனார். ஒன்றைக்கூட மாட்ட முடியவில்லை. துண்டை எடுத்து மேலே போர்த்திக்கொண்டார்.

"இங்கன என்ன செய்யுத? இன்னைக்குப் பரீட்சை இருக்குன்னியே."

"அப்பா, அந்த நோட்டு..."

"பஸ்ஸு நாலு மணிக்கு இருக்கு. அத விட்டா கூட்டம் ஏறிரும்."

"அது ஞாபகத்துக்கு எழுதுறதுப்பா. எல்லாரும் அப்படித்தான் எழுதுவோம். உங்களச் சொன்னதில்ல."

"அப்பான்னு போட்டுருக்கு. வேற யாரச் சொன்னதாம்?" கோபமே இல்லாமல் கேட்டார். வழி கேட்கிற மாதிரி இருந்தது.

நான் துப்பட்டா நுனியைப் பிழிந்தேன். ஆறு மாதத்தில் ஆயிரத்துச் சொச்சம் வார்த்தை படித்திருக்கிறேன்.

வல்லிநாயகம் மாமா தலையைத் திருப்பாமல், "ஏ பிள்ள, ரம்புட்டான் வாங்கித் தரச் சொல்லு ஒங்கப்பன. காலம்பற வந்தவன் பச்சத்தண்ணி குடிக்கல," என்றார்.

அப்பா வாங்கித் தந்தார். உரிக்க அவரால் முடியாது. நான் உரித்துக் கொடுத்ததை ஒன்று மட்டும் வாங்கிக்கொண்டார். மீதியை என் பையில் போட்டார். பஸ் நிறுத்தம் வரை கூடவே வந்தார். நான் பஸ்ஸில் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்ததும், வெளியே நின்று சொன்னார்:

"போயி ஒழுங்கா எழுது. நான் வல்லிநாயகத்துக்கிட்ட ஒரு சோலியப் பேசிட்டு வாரேன்."

ஆறு மணிக்கு வகுப்பில் உட்கார்ந்தேன். ஷிஃபா எனக்கு இடம் போட்டு வைத்திருந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் பேனாவை நீட்டினாள். என்னுடையது பையில்தான் இருந்தது. ஆனாலும் வாங்கிக்கொண்டேன்.

ஐம்பது கேள்வி. முப்பத்தொன்றாவது கேள்வியில் அந்த வார்த்தை வந்தது. அதற்கு நான்கு விடை கொடுத்திருந்தார்கள்.

முகம் வந்தது. ஆனால் மே மாதத்து முகம் அல்ல. பாட்டில் மூடியைத் திருக முடியாமல் குனிந்திருந்த முகம். சரியான விடை மூன்றாவது. எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. விட்டுவிடலாமா என்று நினைத்தேன். விட்டுவிட்டால் யாருக்கு என்ன கிடைக்கும் என்றும் நினைத்தேன். பிறகு மூன்றாவதைக் கறுப்பாக்கினேன். வகுப்பிலேயே திருத்திக் கொடுத்தார்கள்; அதற்கு முழு மதிப்பெண் கிடைத்தது.

இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. விட்டிருந்தால் வெட்கம் குறைந்திருக்குமா என்றும் தெரியவில்லை.

ஏழரைக்கு வீட்டுக்கு வந்தேன். அப்பா எனக்கு முன்னால் வந்திருந்தார். சுவரில் சாய்ந்து, கால்களை மடக்கி, எவ்வளவு குறைவான இடம் போதுமோ அவ்வளவில் உட்கார்ந்திருந்தார். அம்மாவின் மடியில் பீடித் தட்டு.

"எத்தன மார்க்கு?"

"அம்பதுக்கு நாப்பத்தி நாலுப்பா."

"அந்த வார்த்த வந்துச்சா?"

நான் பையைக் கீழே வைத்தேன்.

"வந்துச்சா இல்லையாட்டி?"

"வந்துச்சு."

"போட்டியா?"

"போட்டேன்."

"அப்ப சரி." தலையை ஆட்டினார். உண்மையிலேயே திருப்திப்பட்ட மாதிரி இருந்தது. "நோட்ட எடு."

"வேண்டாம்ப்பா. அந்தப் பக்கத்தக் கிழிச்சிருதேன்."

"எடுங்கேன்லா. மொதல்லேர்ந்து வாசி. எனக்குப் போட்டது மட்டும்."

அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. "என்ன, அப்பாவும் மகளும் பள்ளிக்கூடம் நடத்துதீங்க?" என்றாள். கைகள் பாட்டுக்கு இலையைச் சுற்றிக்கொண்டிருந்தன.

வாசித்தேன். இரண்டாம் பக்கம், டாசிடர்ன். அதிகம் பேசாதவர்.

"ம்."

மூன்றாம் பக்கம், டெஃப்ட். கை வேலையில் கெட்டிக்காரர். பிப்ரவரியில் எழுதியது. அப்பா வலது கையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார்.

ஏழாம் பக்கம், ஆப்டியுரேட். யார் சொன்னாலும் இளகாத பிடிவாதக்காரர்.

"அது நூத்துக்கு நூறு சரி," என்றாள் அம்மா. "அந்த வார்த்தைய நாளைக்கு எனக்கும் சொல்லிக் குடு, வையறதுக்கு ஆகும்."

அப்பாகூடச் சிரித்தார். நானும் சிரித்திருப்பேன். பன்னிரண்டாம் பக்கம் வந்துவிட்டது. நான் நிறுத்தினேன். அப்பா, நோட்டைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"தேவைக்கு மிஞ்சியது, இல்லாவிட்டாலும் குறை தெரியாதது. அப்பா."

அச்சு மாறாமல் சொன்னார். நான் எழுதிய காற்புள்ளியில்கூட நிறுத்திச் சொன்னார்.

அம்மாவின் கை நின்றது. பாதி சுற்றிய இலை விரலிலேயே விரிந்துகொண்டது. அவள் என்னைத்தான் பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவளப் பாக்காத," என்றார் அப்பா. "அவ படிப்புக்கு எழுதுனது." பிறகு என்னிடம், "அத அழிக்காத. உண்மப் பரீட்சையிலயும் வந்தா என்ன செய்வ? என் மூஞ்சி வந்தாத்தான மார்க்கு வரும்? மூணாம் பக்கத்துல ஒண்ணு வாசிச்சியே, கை வேலன்னு. அத அழி. அது இப்ப தப்பு."

"அது தப்பில்லப்பா."

"இன்னைக்குத்தான் பாத்தேல்லா? தட்டிக்குப் பின்னால நின்னு."

அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"தப்ப அழிக்காம வச்சிருந்தா, பரீட்சையிலயும் தப்பாத்தான வரும்," என்றார். இது நான் அடிக்கடி வீட்டில் சொல்லும் வாக்கியம். அவர் கேட்டுக்கொண்டிருப்பார் என்று நான் நினைத்ததில்லை.

பேனாவை எடுத்தேன். ஷிஃபாவின் பேனா, திருப்பிக் கொடுக்க மறந்திருக்கிறேன். மூடியைக் கழற்றினேன். மறுபடி மூடினேன்.

அப்பா அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"நாளைக்கு ஆறு மணி பஸ்ஸுக்குப் புனலூர் போறேன். ரப்பர் ஷீட்டு அடுக்குற கிட்டங்கி ஒண்ணுல காவலுக்கு ஆள் கேக்காங்களாம். வல்லிநாயகத்தோட மச்சினன் அங்கன இருக்கான். தங்க எடம் தருவாங்க. மாசத்துக்கு ஒருக்க வந்துட்டுப் போலாம்."

"கையி இப்படி இருக்கையில அங்கன யாரு ஒங்களுக்குச் சோறு பொங்கிப் போடுவா? பொத்தான் மாட்டி விடுவா யாரு?"

"காவலுக்குப் பனியன் போதும்."

"இருக்கது மூணு பேரு. அதுல ஒருத்தரப் பிரிச்சு அனுப்பிட்டு நாங்க இங்கன என்ன செய்ய?"

"எடம் கெடைக்கும்," என்றார் அப்பா. "நீ தட்ட வச்சுக்கிட்டு நல்லா உக்காரலாம். இவ படிக்கலாம்."

குத்திக் காட்டிச் சொல்லவில்லை. கணக்குப் பார்த்துச் சரியாக இருக்கிறது என்று கண்டுபிடித்தவர் மாதிரி சொன்னார். அதனால்தான் என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து அடுப்படிக்குப் போய் ரம்புட்டானை உரித்தேன். உரித்துத் தட்டில் வைத்தேன். யாரும் சாப்பிடவில்லை.

இப்போது மணி எட்டே முக்கால். அப்பா அந்தச் சுவரோரமே படுத்துவிட்டார். அம்மா இன்னும் என்னோடு பேசவில்லை. நோட்டு என் முன்னால் இருக்கிறது. மூன்றாம் பக்கத்தை அழிக்கவில்லை. பன்னிரண்டாம் பக்கத்தையும் அழிக்கவில்லை. அவரைப் போகவேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு வாக்கியம் வேண்டும். நான்கு முறை எழுதிப் பார்த்தேன். நான்கிலும் அது மன்னிப்புக் கேட்கிற மாதிரிதான் வருகிறது. அவருக்கு வேண்டியது அது இல்லை என்று மட்டும் தெரிகிறது.

நாளை செய்ய வேண்டியது: நேற்றும் இன்றும் விட்டதோடு சேர்த்து இருபத்தொரு வார்த்தை. நாலே முக்காலுக்கு, அம்மாவுக்கு முன்னால், எழ வேண்டும். அப்பாவின் வெள்ளைச் சட்டைக்கு ஆறு பொத்தான். நானே மாட்டிவிட வேண்டும்.